டாட்டூ ஊசி பயம்: எச்ஐவி டெஸ்ட்ல 0.12 இருந்தது 0.31 ஆயிருச்சு, கூடுதா?

வைகைக்கரை_பையன்
வணக்கம். வயசு 28, ஊர் மதுரை. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முந்தின ராத்திரி, ரோட்டோரம் மெஷின் வச்சு உக்காந்திருந்தவர்கிட்ட கையில டாட்டூ போட்டேன். முதல்ல என் மச்சான் போட்டான், அடுத்து நான். அதே ஊசியத் துணியில துடைச்சிட்டு எனக்குக் குத்துனாரு. அப்ப உறைக்கல, வீட்டுக்கு வந்து படுத்தப்பறம்தான் தூக்கம் போச்சு. எங்களுக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் குத்துனாரோ தெரியாது.

19வது நாள் தெருமுனை லேப்ல எடுத்தேன். "எச்ஐவி 1 & 2 ஆன்டிபாடி, எலிசா". 0.12, நான்-ரியாக்டிவ்.
48வது நாள் கே.கே.நகர் பக்கம் பெரிய லேப்ல எடுத்தேன். "எச்ஐவி ஆன்டிஜென்/ஆன்டிபாடி காம்போ". 0.31, நான்-ரியாக்டிவ்.

ரெண்டுலயும் 1.00க்குக் கீழ இருந்தா நெகட்டிவ்னு அச்சடிச்சிருக்கு. ஆனா நம்பர் ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கே? கிருமி பெருகுதா? கழுத்துல ஒரு கட்டி தட்டுப்படுது, ராத்திரி வேர்க்குது. லேப்ல "முடிஞ்சது தம்பி, போ"ங்கிறாங்க. எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அடிச்சா மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கச் சொல்றாங்க. யாரு சொல்றத நம்புறது?

ரத்தக்குழாய்
தம்பி, நான் லேப் டெக்னீஷியன். முதல்ல அந்த நம்பர் கதைய முடிப்போம். அது உன் ரத்தத்துல இருக்கிற கிருமியோட அளவு இல்ல. உன் ரத்தம் காட்டுன சிக்னலை, அந்த கிட்டுக்குன்னு வச்சிருக்கிற எல்லைக்கோட்டால வகுத்தா வர்ற விகிதம். தராசுத் தட்டு காலியா இருந்தாலும் முள்ளு லேசா ஆடும்ல, ஒண்ணுக்குக் கீழ வர்றதெல்லாம் அந்த ஆட்டம்தான். நீ எடுத்தது வேற லேப், வேற மெஷின், வேற கிட். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஏறுது இறங்குதுன்னு பார்க்கவே கூடாது. ஒரே ரத்தத்தை ஒரே மெஷின்ல ரெண்டு தடவை ஓட்டுனாலும் நம்பர் மாறும். ஒண்ணைத் தாண்டினாக்கூட உடனே பாசிட்டிவ்னு முடிவு கட்ட மாட்டாங்க. வேற வேற கிட்ல மறுபடி பார்த்து, எல்லாம் ஒத்துவந்தாத்தான் சொல்லுவாங்க.

நீ பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம்: என்ன டெஸ்ட், எத்தனையாவது நாள். ஆன்டிபாடிங்கிறது கிருமிய எதிர்க்க நம்ம உடம்பு உண்டாக்குற புரதம். அதை மட்டும் பார்க்கிற டெஸ்ட் தொத்தைப் பிடிக்க 23லருந்து 90 நாள் வரைக்கும் ஆகும். அதனால உன் 19வது நாள் ரிப்போர்ட்டை மறந்துரு, அது காசுக்குப் பிடிச்ச கேடு. ரெண்டாவது எடுத்தது நாலாவது தலைமுறை டெஸ்ட். ஆன்டிபாடியோட சேர்த்து பி24ங்கிற கிருமியோட புரதத்தையும் தேடும். நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பண்ணுனா அதோட ஜன்னல் காலம், அதாவது தொத்து இருந்தும் டெஸ்ட்ல தெரியாம இருக்கிற காலம், 18லருந்து 45 நாள். நீ 48ல எடுத்திருக்க. முடிஞ்சது.

மேலூர்_மைனர்
புரோ எதுக்குக் காசு செலவு பண்றீங்க? பேசாம ரத்த தானம் பண்ணுங்க, அவங்களே எல்லா டெஸ்டும் ஃப்ரீயா பண்ணிருவாங்க. நான் அப்படித்தான் பார்ப்பேன்.

செல்லூர்_அக்கா
மைனரு, தயவுசெஞ்சு இத யாருக்கும் சொல்லாதீங்க. ஜன்னல் காலத்துல இருக்கிறவர் ரத்தம் டெஸ்ட்ல நெகட்டிவ்னு வந்து, அப்படியே ஒரு பிரசவக் கேஸுக்கு ஏறிரலாம். டாட்டூ போட்டவங்க ஒரு வருஷத்துக்கு ரத்தமே குடுக்கக் கூடாது. சும்மா பார்த்துக்கணும்னா பெரியாஸ்பத்திரியில எச்ஐவி டெஸ்டுக்குன்னே இருக்கிற நம்பிக்கை மையத்துல இலவசமாவே பார்ப்பாங்களே.

வைகைக்கரை தம்பி, நான் கவுன்சிலரா வேலை பார்த்தவ. 1097ல சொன்னதும் தப்பில்ல. நம்பிக்கை மையங்கள்ல வழக்கமா ஆன்டிபாடி பார்க்கிற ரேபிட் கிட்டுதான் இருக்கும், அதுக்கு மூணு மாசம்னுதான் கணக்கு. எந்த டெஸ்ட் எடுத்தீங்கன்னு தெரியாம போன்ல பேசுறவங்க அதைத்தான் சொல்லணும். காம்போ டெஸ்ட் எடுத்தாச்சுன்னு நீங்க சொன்னீங்களா?

கட்டி, வேர்வையை வச்சு எச்ஐவியக் கண்டுபிடிக்க முடியாது. இந்த வெயில்ல மதுரையில யாருக்குத்தான் ராத்திரி வேர்க்கல? கட்டி மட்டும் ரெண்டு வாரத்துல அமுங்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்குப் பல், தொண்டைன்னு ஆயிரம் காரணம் இருக்கும்.

ஒரு கணக்கு சொல்றேன். எச்ஐவி இருக்கிறவருக்குப் போட்ட ஊசி நர்ஸ் கையில குத்தி, மருந்தே எடுக்காம விட்டாக்கூட, தொத்துறது ஆயிரத்துல மூணு பேருக்குத்தான். அது உள்ளுக்குள்ள ரத்தம் நிக்கிற குழல் ஊசி. டாட்டூ ஊசியில குழலே கிடையாது. ஆனா இங்க ஒருத்தரும் கேட்காத ஒண்ண நான் கேக்குறேன்: மஞ்சள் காமாலை பி, சி (ஹெபடைடிஸ் பி, சி) பார்த்தீங்களா? பி கிருமி காய்ஞ்ச ரத்தத்துல ஏழு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், துணியில துடைச்சாப் போகாது. உங்க வயசுக்காரங்களுக்குச் சின்னப் பிள்ளையில அந்தத் தடுப்பூசி போட்டிருக்க வாய்ப்பும் கம்மி. அந்த டாட்டூ ஊசியில நான் பயப்படுறது இதுக்குத்தான்.

வைகைக்கரை_பையன்
அக்கா, அத நான் யோசிக்கவே இல்ல. 1097ல டெஸ்ட் பேரைச் சொல்லல, நாளை மட்டும்தான் சொன்னேன். எச்ஐவி தொத்தாம இருக்க 72 மணி நேரத்துக்குள்ள ஏதோ மாத்திரை போடணும்னு இப்பத்தான் யூடியூப்ல பார்த்தேன், விட்டுட்டேனே. கிருமியையே நேராத் தேடுற பிசிஆர் டெஸ்ட் எடுத்துறட்டுமா?

ரத்தக்குழாய்
பிசிஆர் வேண்டாம், காசு மிச்சம். அந்த 28 நாள் மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன், இப்ப அந்தப் பேச்சுக்கே இடமில்ல. அத நீ போடாததுல ஒரு லாபமும் இருக்கு: போட்டவங்க ஜன்னல் கணக்கை மாத்திரை முடிஞ்ச நாள்லருந்து எண்ணணும். உன் 48 நாள் அப்படியே செல்லும்.

செல்லூர்_அக்கா
மஞ்சள் காமாலை பிக்கான டெஸ்ட் எச்பிஎஸ் ஆன்டிஜென், ரிப்போர்ட்ல HBsAg-ன்னு இருக்கும். அதையும், சிக்கான ஆன்டிபாடி டெஸ்டையும் எடுங்க. சி தெரிய எட்டுலருந்து பதினொரு வாரம் ஆகும், அதனால மூணு மாசம் முடிஞ்சதும் ரெண்டையும் ஒரே தடவையா எடுத்தாப் போதும். எச்ஐவிக்கும் அன்னைக்கே ஒரு தடவை எடுத்தா 1097 சொன்னதும் ஆச்சு, உங்க மனசும் அடங்கும். பி தடுப்பூசிக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரைப் பார்த்து ஆரம்பிங்க. முதல் ஊசி, ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது.

நம்பிக்கை மையத்துல உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கவும் மாட்டாங்க, முடிவை வேற யாருக்கும் சொல்லவும் மாட்டாங்க. அதுக்கு 2017ல வந்த எச்ஐவி, எய்ட்ஸ் சட்டமே இருக்கு.

வைகைக்கரை_பையன்
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. மச்சானுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்காங்க. அவன்கிட்ட சொல்லணுமா? பயந்துருவான்.

செல்லூர்_அக்கா
சொல்லணும். உங்களுக்கு முன்னாடி அதே ஊசி அவருக்குத்தானே பட்டுச்சு. எச்ஐவில ஆரம்பிக்காதீங்க, மஞ்சள் காமாலை ஊசி போடப் போறேன், நீயும் வான்னு கூப்பிடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே அவருக்கு ரெண்டு ஊசி முடிஞ்சிரும்.