டிரைவர்லிப்பை மாற்றி மறுபடி கம்பைல் செய்தும் பழைய ஃபங்ஷனே ஓடுகிறது (டிஎம்4சி123)

மின்மினி:
வணக்கம். டிஎம்4சி123 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில், யூஆர்ட் 1 என்ற சீரியல் போர்ட்டில் ஒரு ஜிஎஸ்எம் மோடம் மாட்டியிருக்கிறேன். அனுப்பலாமா, பொறுக்கவா என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளும் உண்டு. பாட் ரேட்டை (அனுப்பும் வேகத்தை) மாற்றும்போது சில சமயம் புரோகிராம் அப்படியே நின்றுவிடுகிறது. டிவாவேரில் (இந்தச் சில்லுக்கான மென்பொருள் தொகுப்பு) உள்ள டிரைவர்லிப் லைப்ரரியின் மூலக்கோப்பைப் பார்த்தேன். ரேட்டை மாற்றும் ஃபங்ஷன் முதலில் யூஆர்ட்-டிசேபிளைக் கூப்பிடுகிறது. அது பிஸி பிட் (இன்னும் அனுப்பி முடியவில்லை என்னும் குறி) இறங்கும் வரை லூப்பில் காத்திருக்கிறது. மோடம் சிடிஎஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தால் ஃபிஃபோ (அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகளின் வரிசை) காலியாகாது, பிஸியும் இறங்காது. அந்த லூப்புக்கு ஒரு எண்ணிக்கை வரம்பு போட்டு மேக் கொடுத்தேன். லைப்ரரி கோப்பின் நேரம் புதிதாக இருக்கிறது. வேண்டுமென்றே ஒரு பிழை எழுதிப் பார்த்தால் கம்பைலர் கத்துகிறது. ஆனாலும் பழையபடியே தொங்குகிறது. இரண்டு நாளாக இதோடுதான் இருக்கிறேன்.

பழையபலகை:
தொங்கும்போது டீபக்கரில் நிறுத்தி, பிசி ரெஜிஸ்டரில் (ஓடும் கட்டளையின் இடத்தைக் காட்டுவது) என்ன முகவரி இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம், கோடில் அந்த ஃபங்ஷனை எந்தப் பெயரில் கூப்பிடுகிறீர்கள்? முன்னால் ரோம் அல்லது மேப் என்று இருக்கிறதா?

மின்மினி:
ரோம் இருக்கிறது. எடுத்துக்காட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. முகவரி 0100 என்று தொடங்குகிறது.

பழையபலகை:
அதுதான் விஷயம். இந்தச் சில்லுக்குள் டிரைவர்லிப்பின் ஒரு பிரதி தயாரிப்பின்போதே ரோமில் (மாற்ற முடியாத நினைவகம்) பதியப்பட்டிருக்கிறது. 0100 என்று தொடங்குவது அந்த ரோம்தான். ஃபிளாஷ் இடம் மிச்சமாகட்டும் என்று செய்த ஏற்பாடு. ரோம் முன்னொட்டோடு கூப்பிட்டால் அங்கேதான் போகும், நீங்கள் கட்டிய லைப்ரரியை எட்டிக்கூடப் பார்க்காது. மேப் முன்னொட்டும், அந்த ஃபங்ஷன் ரோமில் இருந்தால், அங்கேயே அனுப்பிவிடும். டிசேபிளை மட்டும் வெறும் பெயரில் கூப்பிட்டாலும் போதாது. ரேட்டை மாற்றும் ரோம் ஃபங்ஷன் உள்ளுக்குள் ரோமின் டிசேபிளையே அழைக்கும். ஆகவே ரேட்டை மாற்றும் ஃபங்ஷனையும் முன்னொட்டு இல்லாமல் வெறும் பெயரில் எழுதுங்கள்.

மின்மினி:
நன்றி! மாற்றினேன். இப்போது லிங்கரே மறுக்கிறது: ஒரு கோப்பு விஎஃப்பி ரெஜிஸ்டர் ஆர்கியுமென்ட் பயன்படுத்துகிறது, மற்றது இல்லை என்கிறது. இது நேற்று வரவில்லையே?

கம்பிக்காரன்:
நேற்று எல்லாமே ரோமுக்குப் போனதால் லைப்ரரியிலிருந்து எதுவும் இணைந்திருக்காது. அதனால் பொருத்தமின்மை வெளியே தெரியவில்லை. லைப்ரரியும் உங்கள் புரோகிராமும் ஒரே ஃப்ளோட் ஏபிஐ (தசம எண்களை ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் முறை; விஎஃப்பி ரெஜிஸ்டர் வழியா இல்லையா என்பது) தேர்வோடு கம்பைல் ஆக வேண்டும். ஒன்று ஹார்ட், மற்றது சாஃப்ட் என்றால் சேராது. லைப்ரரியின் மேக் கோப்பில் இருக்கும் தேர்வுகளை அப்படியே உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மேக் கிளீன் கொடுங்கள். தேர்வை மட்டும் மாற்றினால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை மேக் தொடாது.

மின்மினி:
ஓடுகிறது! மோடம் பிடித்து வைத்தாலும் வெளியே வந்துவிடுகிறது.

பழையபலகை:
நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரம்பு முடிந்து வெளியே வரும்போது ஃபிஃபோவை அணைக்கிறோம். அதில் மிச்சமிருந்த பைட்டுகள், அதிகபட்சம் 16, போய்விடும். பாதி அனுப்பிய ஏடி கட்டளையை மோடத்துக்கு மறுபடி முழுதாக அனுப்ப வேண்டும். டிசேபிள் எந்த மதிப்பையும் திருப்பித் தராது, ஆகவே வரம்பு முடிந்ததா என்பது உங்களுக்குத் தெரியவராது. லைப்ரரியைத் தொடாமல், வேறு பெயரில் உங்கள் கோப்பிலேயே வரம்புள்ள அந்த டிசேபிளை எழுதி, வெற்றி தோல்வியைத் திருப்பித் தரச் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ரேட் மாற்றுவதற்கு முன் அதைக் கூப்பிட்டால் ஃபிஃபோ காலியாகியிருக்கும், லைப்ரரியின் லூப்பும் உடனே முடிந்துவிடும். டிவாவேர் புதிய பதிப்பு போட்டாலும் உங்கள் மாற்றம் அழியாது.

மின்மினி:
சரி அண்ணா, இன்றே அப்படி மாற்றி எழுதுகிறேன்.