உணவுப் பொதிகளில் உலோக நானோ துகள்கள்: வெளியேறுவது துகளா, அயனியா?

கேள்வி (பதிந்தவர்: வினாக்குறி)

உணவுப் பெட்டிகளிலும் படலங்களிலும் வெள்ளி, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றின் நானோ துகள்களைக் கலக்கிறார்கள் என்றும், நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுப்பதே அதன் நோக்கம் என்றும் படித்தேன். 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள் நெகிழியை விட்டு வெளியேறி உணவில் கலந்துவிடாதா? நானோ என்றாலே ஆபத்து என்பவர்களும், நெகிழிக்குள் சிறைப்பட்டிருப்பதால் கவலை வேண்டாம் என்பவர்களும் காரணம் சொல்வதில்லை. குழந்தையின் உணவை இத்தகைய பெட்டியில் வைக்கலாமா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருப்பதால், விவரமறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி (பல்படியாளர்)

நெகிழிக்குள் ஒரு பொருள் நகர வேண்டுமென்றால், அதன் சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே அவ்வப்போது தோன்றும் மிகச் சிறிய வெற்றிடங்கள் வழியாகவே நகர முடியும். பருமன் கூடக்கூட அந்த நகர்வு மிகக் கடுமையாகக் குறைவதால், முழுமையாகப் பொதிந்துள்ள துகள் சில நானோமீட்டரைத் தாண்டினாலே ஏறத்தாழ அசையாமல் நின்றுவிடும். ஆகவே துகள் கூட்டமாக வெளியேறி உணவில் மிதக்கும் என்ற அச்சத்திற்கு அடிப்படை குறைவு.

ஆனால் பேச்சு அதோடு முடிவதில்லை. நெகிழிக்குள் ஊடுருவும் ஈரமும் ஆக்சிஜனும் வெள்ளித் துகளின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அங்கிருந்து வெள்ளி அயனிகள், அதாவது மின்னூட்டமுள்ள வெள்ளி அணுக்கள், வெளியே கசிகின்றன. நுண்ணுயிரைக் கொல்வதும் பெரும்பாலும் இந்த அயனிகளே. ஒரு பெட்டி உணவிலுள்ள நுண்ணுயிரை உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறது என்றால், அதிலிருந்து வெள்ளி வெளியேறுகிறது என்பதே பொருள். எதுவும் வெளியேறவில்லை என்றால் அந்த விளம்பரத்துக்கு அர்த்தமில்லை. விற்பவர்கள் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதை நான் ஏற்பதில்லை.

துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் எளிதாகக் கரையும். பாலிஎத்திலீன் போன்ற நெகிழிகளிலிருந்து அது துகளாக வெளியேறுவதில்லை, கரைந்த துத்தநாகமாகவே வெளியேறுகிறது என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. எனவே அதைச் சாதாரண துத்தநாகமாகவே கணக்கிடுகிறார்கள். நெகிழியிலிருந்து வெளியேறும் துத்தநாகத்துக்கு, ஒரு கிலோ உணவுக்கு 25 மில்லிகிராமாக இருந்த ஐரோப்பிய வரம்பு 2016-இல் 5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

மறுமொழி (அளவீட்டாளர்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். இருப்பினும், அளக்கும் முறையைப் பார்க்காமல் எந்த ஆய்வு முடிவையும் நம்ப வேண்டாம். பெட்டித் துண்டை 3 விழுக்காடு அசிட்டிக் அமிலம் போன்ற உணவுப் போலித் திரவத்தில் குறிப்பிட்ட நாள்கள் ஊறவைத்து, திரவத்திலுள்ள உலோகத்தை, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியால் அளப்பது வழக்கம். அது மொத்த வெள்ளியைச் சொல்லுமே தவிர, அந்த வெள்ளி அயனியா, துகளா என்று சொல்லாது. அதை அறிய ஒவ்வொரு துகளையும் தனித்தனியே எண்ணும் முறை தேவைப்படும்.

இதில் ஒரு பொறி உண்டு. திரவத்தில் கரைந்த வெள்ளி அயனிகள், ஒளியாலோ, நுண்ணோக்கிக்காக ஒரு துளியை உலர்த்தும்போதோ, மீண்டும் துகளாகத் திரளக்கூடும். படத்தில் துகள் தெரிந்தது என்பதாலேயே அது நெகிழியிலிருந்து துகளாக வந்தது என்று நிறுவிவிட முடியாது. எதிர்ப்பக்கமாக, வந்த துகளே அமிலத்தில் கரைந்து அயனியாகத் தோன்றவும் வாய்ப்புண்டு. வெட்டிய விளிம்பிலும், தேய்ந்த பரப்பிலும், மேற்பூச்சாக மட்டும் பூசப்பட்ட பெட்டிகளிலும் துகள்கள் முழுமையாகப் பொதிந்திருக்காது; ஆகவே அங்கே அவை நேரடியாகவே உதிரலாம். கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

வினாக்குறி

இருவருக்கும் நன்றி. அயனியாகவே வந்தாலும், எவ்வளவு வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும்?

மறுமொழி (நச்சியல் வாசகர்)

வெள்ளிக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த கட்டுப்பாடு, ஒரு கிலோ உணவுக்கு 0.05 மில்லிகிராம். நீண்ட காலம் மிகையாக உட்கொண்டால் தோல் நிரந்தரமாகச் சாம்பல் நீலமாகும் நோயை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மைக்ரோகிராம் வரை உட்கொள்ளலாம் என்று வரையறுத்தது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 60 மைக்ரோகிராம். முதலில் சொன்ன 0.05 மில்லிகிராம் வரம்பைத் தொடும் உணவை அக்குழந்தை நாளொன்றுக்கு ஒரு கிலோ உண்டால், 50 மைக்ரோகிராம் உட்செல்லும். வரம்பு காக்கிறது, ஆனால் குழந்தைக்கு இடைவெளி பெரிதல்ல. வயிற்றிலுள்ள குளோரைடோடு சேர்ந்து வெள்ளி மீண்டும் நுண்துகளாகலாம் என்பதையும், குடல் நுண்ணுயிர்களின் மீது நெடுங்கால விளைவு பற்றிய தரவு குறைவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சட்டமும் இந்த எச்சரிக்கையோடுதான் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவைத் தொடும் நெகிழியில் நானோ வடிவப் பொருளைத் தனியாக அனுமதி பெற்றே பயன்படுத்த முடியும். உணவுக்கும் அப்பொருளுக்கும் நடுவே தடுக்கும் அடுக்கு இருந்தாலும் விலக்கு இல்லை. பெட் (PET) எனும் நெகிழியாலான புட்டிகளில் டைட்டானியம் நைட்ரைடு துகள்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் ஒரு கிலோ நெகிழிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அமெரிக்காவில் 2014-இல், நானோ வெள்ளி கலந்த உணவுப் பெட்டிகளைப் பதிவு செய்யப்படாத பூச்சிக்கொல்லி என்று கருதி, சுற்றுச்சூழல் முகமை அவற்றின் விற்பனையை நிறுத்தியது.

சிலர் 2022-இல் ஐரோப்பாவில் தடைசெய்யப்பட்ட டைட்டானியம் டையாக்சைடையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது உணவிலேயே கலக்கப்பட்ட வெண்ணிறமி. அந்தத் தடையைப் பெட்டிகளுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: குழந்தையின் உணவுக்கு இத்தகைய பெட்டி தேவையில்லை. குளிர்ச்சியும் தூய்மையும் செய்யும் வேலையை வெள்ளி அயனியிடம் ஒப்படைப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது. ஏற்கெனவே கையில் இருந்தால், புளிப்பான அல்லது சூடான உணவை அதில் வைக்காதீர்கள். சொரசொரப்பான நாரால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தபின் வேறு பயனுக்கு மாற்றிவிடுங்கள்.

வினாக்குறி

தெளிவாயிற்று. தின்பண்ட உறைகளின் உட்புறம் பளபளக்கிறதே, அதுவும் நானோ துகளா?

மறுமொழி (பல்படியாளர்)

இல்லை. அது வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த தொடர்ச்சியான படலம். தடிமன் சில பத்து நானோமீட்டர்தான் என்றாலும், அதில் தனித்தனித் துகள்கள் இல்லை. பெரும்பாலும் அதற்கும் உணவுக்கும் இடையே ஒரு நெகிழி அடுக்கும் இருக்கும்.