தேயிலைத் தோட்டத்துப் பழைய சம்பளத் துண்டுகளைப் பாதுகாக்க வழி உண்டா?

கேள்வி – ஹட்டன்:
பெரியப்பாவின் தகரப்பெட்டியில், துருவேறிய குண்டூசியால் கோர்க்கப்பட்ட சம்பளத் துண்டுகள் கிடைத்தன. இத்தகைய சாதாரணக் காகிதங்களை அருங்காட்சியகங்கள் ஏற்குமா?

மறுமொழி – கண்டி:
நிச்சயமாக மதிப்புள்ளவை. அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகம், அதன் தாய் நிறுவனமான ஸ்மித்சோனியன் 1967 இல் பெற்ற, வார்ஷோ என்ற சேகரிப்பாளரின் தொகுப்பில், வணிகர்களின் விளம்பர அட்டைகள், விலைப்பட்டியல்கள், கடிதத்தாள்கள் போன்ற, எவரும் எறிந்துவிடக்கூடிய காகிதங்களையே பேணிவருகிறது. அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த நாளையும் அரிசிக்காகக் கழித்த காசையும் உங்கள் துண்டுகளைப்போல் எந்தத் தோட்டத் துரையின் (நிர்வாகியின்) அறிக்கை சொல்லும்?

மறுமொழி – புசல்லாவை:
கம்பளைக்கு அருகே, நியூ பீகொக் தோட்டத்துப் பழைய லயன் அறைகளில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அணுகுங்கள். குண்டூசியை மெதுவாகக் கழற்றி, அமிலமற்ற காகித உறையில் வையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. துண்டுகளிலுள்ள பெயர்களை ஆண்டுவாரியாக எழுதி, அவற்றோடு சேர்த்தே ஒப்படைக்கிறேன்.