மறு: ‘யூஸ்டு டு’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஐ யூஸ்டு டு கோ’ (I used to go) என்று வருகிற அமைப்புக்கு நம் அகராதியில் என்ன பெயர் வைப்பது என்று ஓடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த வரியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை:

> ‘வழக்க இறந்தகாலம்’ என்றே வைத்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது போதும்.

போதாது ஐயா. போதாதது மட்டுமில்லை, கெடுதலும்கூட. நான் மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். போன மாதம் என்னிடம் படிக்கும் ஒரு தம்பி வேலை நேர்காணலுக்குப் போய்வந்தான். உங்கள் அன்றாடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்று ஆரம்பித்திருக்கிறான். எதிரில் இருந்தவர், “சரி, இப்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டாராம். இவன் மறுபடியும் “ஃபைவ்” என்றிருக்கிறான். அவர் சிரித்திருக்கிறார். “அவருக்குக் காது சரியில்லை போல சார்” என்று என்னிடம் வந்து சொன்னான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். பழைய வகுப்பில் எழுதியது, சிவப்பு மையில் அடிக்கோடு வேறு: ‘யூஸ்டு டு = வழக்கம்’.

அவன்மேல் தப்பில்லை. ‘போவது வழக்கம்’ என்பதில் காலமே கிடையாது. கேட்கிறவர் இன்றைக்கும் போகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் ‘ஐ யூஸ்டு டு கோ’ என்றாலோ, ‘போய்க்கொண்டிருந்தேன், இப்போது இல்லை’ என்கிற வால் கூடவே வருகிறது. அந்த வாலைக் காட்டாத பெயர் எதுவானாலும் இந்தத் தம்பிகளை மறுபடி அதே குழியில்தான் தள்ளும். (வேடிக்கை என்னவென்றால், சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரும் இதை நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு அந்த வடிவம் உதிர்ந்து, இறந்தகாலம் மட்டும் மிஞ்சியது. நம் தம்பி கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டான்.)

அடுத்த சிக்கல், இது வழக்கத்துக்கு மட்டும் வருவதில்லை. ‘ஐ யூஸ்டு டு ஹேவ் லாங் ஹேர்’ என்றால் முன்பு எனக்கு நீளமான முடி இருந்தது என்று பொருள். முடி வைத்திருப்பது என்ன வழக்கம்? ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை’யும் அப்படித்தான். அது ஒரு நிலை. ஆகவே ‘வழக்க’ என்று தொடங்கும் எல்லாப் பரிந்துரையையும் ஓரமாக வைக்கிறேன்.

‘பழக்க இறப்பு’ என்று எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். நன்னூல் இறந்தகாலத்தை ‘இறப்பு’ என்று சொன்னது நமக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சாவுச் சான்றிதழ்தான். இன்னொன்று, ‘பழக்கம்’ என்ற சொல்லை நாம் இங்கே செலவழிக்கவே கூடாது. ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபைவ்’ என்று வேறொன்று இருக்கிறதே, ஐந்து மணிக்கு எழுந்து எனக்குப் பழகிவிட்டது என்பது. ஒலி அதே, பொருள் வேறு. பின்னால் வரும் வினையின் வடிவமும் வேறு. ‘பழக்கம்’ அதற்கே உரியது. இதற்கும் அதையே கொடுத்தால் இரண்டையும் குழப்பி ‘ஐ ஆம் யூஸ்டு டு கோ’ என்று எழுதுவார்கள். வாரத்துக்கு நாலு தாளிலாவது அதைத் திருத்துகிறேன்.

இழையில் வந்த இன்னொரு பரிந்துரையான ‘விடுவழக்கு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. விட்டதும் வருகிறது, வழக்கும் வருகிறது. ஆனால் அது வினைத்தொகை. ஊறுகாய்க்கு ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்று காலமும் பொருந்துவதுபோல இதற்கும் பொருந்தும். காலத்தைச் சொல்ல ஒரு பெயர் வைத்து, அதிலேயே காலத்தை ஒளித்துவைப்பதா? போதாததற்கு, நீதிமன்ற வாசலில் யாரோ யாரையோ ‘வழக்கை விடு’ என்று மிரட்டுவதுபோலவும் கேட்கிறது.

> இதெல்லாம் ஆங்கிலத்தின் தனிக்குணம். தமிழில் இப்படியொன்று இல்லாதபோது பெயர் எதற்கு?

இல்லை என்று யார் சொன்னது? சின்ன வயசில் என்ன செய்வாய் என்று பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். “விடிகாலைல ஆத்துக்குப் போவேன், குளிப்பேன், ஒரு குடம் தண்ணி கொண்டாருவேன்” என்பார். அத்தனையும் எதிர்கால வினைமுற்று. நடந்ததோ அறுபது வருஷத்துக்கு முன்னால். தொல்காப்பியம் வினையியலில் ‘இறப்பே எதிர்வே ஆயிரு காலமும் சிறப்பத் தோன்றும் மயங்குமொழிக் கிளவி’ என்று, அதாவது இறந்தகாலமும் எதிர்காலமும் ஒன்றின் இடத்தில் ஒன்று மயங்கி வரும் என்று, இதற்கு இடம் வைத்திருக்கிறது. ‘இவர் பண்டு இப்பொழிலகத்து விளையாடுவர்’ என்று உரையில் உதாரணமும் உண்டு. பண்டு (முன்பு) என்ற சொல்லையும் விளையாடுவர் என்ற வினையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் இந்தப் ‘போவேன்’ வேலையை ‘ஐ வுட் கோ’ செய்கிறது. பாட்டியின் பேச்சை மொழிபெயர்க்க அதுதான் கச்சிதம். ஆனால் ‘வுட்’ செயலுக்குத்தான் வரும். ‘ஐ வுட் ஹேவ் லாங் ஹேர்’ என்று சொல்லி முன்பு முடி இருந்ததைக் குறிக்க முடியாது. அங்கே ‘யூஸ்டு டு’தான். அதனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. ‘வுட்’டுக்கு என்ன பெயர் என்பதைத் தனி இழையில் பேசலாம்.

என் பரிந்துரை: ‘முன்னாள் வாக்கியம்’.

முன்னாள் அமைச்சர், முன்னாள் மாணவர், முன்னாள் ராணுவ வீரர். அப்போது இருந்தார், இப்போது இல்லை என்பதை இந்தச் சொல் விளக்கமே வேண்டாமல் சொல்லிவிடுகிறது. ‘ஐ யூஸ்டு டு ஸ்மோக்’ என்கிறவர் முன்னாள் புகையர். வழக்கமா நிலையா என்ற சண்டையும் இல்லை. முதலில் ‘முன்னாள் வினை’ என்றுதான் எழுதினேன். வீட்டில் படித்துக் காட்டியபோது, “போன ஜென்மத்துப் பாவமா?” என்று கேட்டார்கள். அடித்துவிட்டேன்.

அன்புடன்,
மாலை வகுப்பு ஆசிரியன்

---

வணக்கம் ஐயா.

யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்கட பேச்சிலை இதுக்கெண்டே ஒரு வடிவம் இருக்கு. ‘நான் முந்தி அங்கை போறனான்’ எண்டால் முன்பு அங்கே போகிறது என் வழமை எண்டு பொருள். ‘போனனான்’ வேறை, அது போனது உண்மை எண்டு அழுத்திச் சொல்லுறது. ஆனால் ‘முந்தி’யை எடுத்துவிட்டால் ‘போறனான்’ இப்பவும் போறதையும் குறிக்கும். உங்கட மாணவர் செய்த பிழையைத்தான் எங்கட பெடியளும் செய்யிறவை, காரணம் இதுதான் எண்டு நினைக்கிறன்.

முன்னாள் வாக்கியம் எனக்குச் சம்மதம். ஒரு கேள்வி: அகராதியிலை மற்றக் காலங்களோடை வரிசையிலை வைக்க ‘முன்னாட்காலம்’ எண்டு புணர்த்தினால் என்ன? நாட்காட்டி மாதிரி.

---

நன்றி. ‘போறனான்’ பற்றி இன்றுதான் தெரிந்துகொண்டேன், நாளை வகுப்பில் சொல்லப்போகிறேன்.

முன்னாட்காலம் இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘ட்’ வந்ததும் முன்னாள் அமைச்சர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார், அவருக்காகத்தானே இந்தச் சொல்லைப் பிடித்தோம். தவிர, இது தனிக் காலமும் இல்லை, இறந்தகாலத்துக்குள் ஒரு வாக்கிய அமைப்பு. அகராதிக் குழுவுக்கு இரண்டையும் அனுப்புகிறேன், முன்னாள் வாக்கியத்தை முதலில் போட்டு. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.