டிரெட்மில்லில் 12 நிமிடத்துக்கு மேல் மனம் நிற்பதில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செண்பகம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாத்திரைக்கு முன்னால் நடையை முயன்று பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில்.

வெளியே நடப்பதென்றால் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை, ஒரு மணி நேரம்கூட நடப்பேன். ஆனால் ஒன்றரை வருடமாக அம்மா படுத்த படுக்கை. அவரைத் தனியாக விட்டுவிட்டு அரை மணி நேரம் வெளியே போக முடியாது. அதற்காகவே டிரெட்மில் வாங்கினோம். அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறையில் போட்டு, நடுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

முதல் வாரம் ஆசையாக நடந்தேன். இப்போது ஏறி நின்றதுமே எப்போது இறங்கலாம் என்றுதான் இருக்கிறது. திரையில் 11:40 என்று சிவப்பு எழுத்தில் தெரியும். இனிமேல் பார்க்கவே கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று தோன்றும்போது திரும்பிப் பார்த்தால் 11:58. அதோடு மனம் விட்டுவிடுகிறது. 12 நிமிடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

பாட்டுப் போட்டுப் பார்த்தேன். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்ட முடியாது, அம்மாவின் குரல் மெலிந்துவிட்டது, கூப்பிட்டால் கேட்காது. ஒரு காதில் மட்டும் பாட்டு, இன்னொரு காதில் மோட்டார் சத்தம் என்றால் பாட்டு ஒட்டவே மாட்டேன் என்கிறது. போனில் சீரியல் பார்த்தேன். கண் போன பக்கம் கால் போய், ஒரு பாதம் ஓரச் சட்டத்தில் ஏறி, இன்னொன்றை பெல்ட் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. கைப்பிடியைப் பிடித்து எப்படியோ நின்றேன். அன்று எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அம்மாவை யார் பார்ப்பது என்ற பயம் இன்னும் போகவில்லை.

இது சோம்பல் இல்லை. காலையிலிருந்து இரவு வரை நான் உட்காரும் நேரமே குறைவு. இந்த ஒரு இடத்தில் மட்டும் மனம் முரண்டு பிடிக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


துண்டுக்காரன்:

அக்கா, முதல் வேலையாக அந்தத் திரையை மூடுங்கள். ஒரு சின்னத் துண்டு போதும். நிறுத்தும் பட்டன் மட்டும் வெளியே தெரிய வேண்டும், அதை மூடிவிடக் கூடாது. போனில் 30 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். எனக்கு அலுப்பில் பாதி அந்த எண்களால்தான் வந்தது.


மலையேறி:

செண்பகம், நான் எதிர்க்கட்சி. எண்ணை மூடாதீர்கள், எண்ணை மாற்றுங்கள். நிமிடத்தைப் பார்த்தால் அது நகராது. உயரத்தைப் பாருங்கள்.

எனக்கு வயது 61. பணியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் டிரெட்மில் வாங்கினேன், உங்களைப் போலவே மூன்றாவது வாரத்தில் கசந்துபோனது. என் மெஷினில் சாய்வு வைக்க முடியும். ஒரு நாள் 6 விழுக்காடு சாய்வில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்துகொண்டிருந்தபோது கணக்குப் போட்டேன். அரை மணியில் 2.5 கி.மீ. அதில் 6 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 150 மீட்டர் உயரம். நின்ற இடத்திலேயே நின்று 150 மீட்டர் ஏறியிருக்கிறேன்!

அன்றைக்கே ஒரு நோட்டு எடுத்தேன். முதல் பக்கத்தில் எவரெஸ்ட், 8,849 மீட்டர் என்று எழுதினேன். கடல் மட்டத்திலிருந்து நாளுக்கு 150 ஏறினால் 59 நாள், துல்லியமாகப் பார்த்தால் ஒரு நாள் கூடும். நடுவில் வருகிற இடங்களையும் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாளே ஈஃபிள் கோபுரத்தின் 330 மீட்டரைத் தாண்டிவிடலாம். ஆறாம் நாள் புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டர் காலுக்குக் கீழே போய்விடும். 36-ஆம் நாள் எவரெஸ்டின் தெற்கு அடிவார முகாம், 5,364 மீட்டர். 40-ஆம் நாள் கிளிமஞ்சாரோவின் உச்சி உயரம். அதற்குப் பிறகு வழியில் ஒன்றுமே இல்லை, வெறும் ஏற்றம்தான். அந்த 20 நாளைத்தான் நான் மிகவும் விரும்பி நடந்தேன். காலையில் எழுந்ததும் ‘இன்று 7,200-ஐத் தாண்டிவிடுவேன்’ என்ற நினைப்போடு ஷூ மாட்டுவேன்.

கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறினால் அது ஏற்றமே இல்லை, உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை கை வாங்கிக்கொள்கிறது. பிடிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் சாய்வைக் குறையுங்கள். மூட்டு வலி, குதிகால் நரம்பு இழுப்பு இருப்பவர்கள் 2 விழுக்காட்டில் தொடங்கலாம். மலை எங்கேயும் போய்விடாது.

மோட்டார் சத்தம் என்று எழுதியிருந்தீர்கள். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கோன் ஆயில் விட்டு எத்தனை நாள் ஆயிற்று? பெல்ட் உலர்ந்தால் உரசல் சத்தம் கூடும், மோட்டாரும் திணறும். உங்கள் மெஷினுக்கு ஆயில் விடலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு விடுங்கள். கீழே தடிமனான ரப்பர் விரிப்புப் போட்டால் தரை அதிர்வும் குறையும்.


செண்பகம்:

மலையேறி ஐயா, எங்கள் மெஷினில் சாய்வைக் கையால்தான் மாற்ற வேண்டும், மூன்றே படி. நடுவில் மாற்ற முடியாது. ஆனால் ஒரு படியிலேயே வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம் என்று புரிகிறது. கையேட்டில் மூன்றாம் படி 4 விழுக்காடு என்று இருக்கிறது. ஆயில் இதுவரை விட்டதே இல்லை, இன்று பார்க்கிறேன்.


நாடித்துடிப்பு:

செண்பகம் அக்கா, நான் இதயப் பிரிவில் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கிற டெக்னீஷியன். 9 வருடமாக மற்றவர்கள் இந்த பெல்ட்டில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

நீங்கள் சறுக்கியதைப் படித்ததும் மனசு பதறியது. மெஷினோடு ஒரு கயிறும் கிளிப்பும் வந்திருக்கும். அதைச் சட்டையில் மாட்டாமல் தயவுசெய்து ஏறாதீர்கள். நீங்கள் பின்னால் போனால் சாவி பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிடும். முக்கால்வாசிப் பேர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. போனைக் குனிந்து பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டாம். பார்த்தே ஆகவேண்டும் என்றால் திரை கண்மட்டத்தில், நேர் எதிரே இருக்கட்டும். முடித்ததும் சட்டென்று நிறுத்தாமல் மூன்று நான்கு நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்துவிட்டு இறங்குங்கள். காலில் இறங்கி நிற்கும் ரத்தம் மேலே திரும்ப நேரம் வேண்டும், இல்லையென்றால் தலை சுற்றும்.

இனி அலுப்பு. எங்கள் டெஸ்ட் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-இல் வெளியிட்ட முறைப்படி நடக்கும். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ., சாய்வு 10 விழுக்காடு. அடுத்த மூன்று நிமிடம் 4 கி.மீ., 12 விழுக்காடு. இப்படி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடிக்கொண்டே போகும். வெற்றுச் சுவருக்கு எதிரே, உடம்பு முழுக்க ஒயரோடு நடக்கிறார்கள். ஆனாலும் அலுக்கிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அடுத்து என்ன வரும் என்று மனம் காத்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த டெஸ்டை வீட்டில் செய்துவிடாதீர்கள், அது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே செய்யவேண்டியது. அந்த மூன்று நிமிடக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 4.5, 5, 5.5, மறுபடி 4.5 என்று வேகத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். 30 நிமிடம் என்று நினைக்க வேண்டியதில்லை, பத்து துண்டு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் உங்கள் டாக்டர் சொன்ன வேகம்.

இன்னொன்று, இதை அவசியம் படியுங்கள். உங்கள் 12 நிமிடம் வீணில்லை. குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து நடந்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் முன்பு சொல்லிவந்தது. 2020 பரிந்துரையில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் சேர்ந்தால் போதும். காலையில் 12, மதியம் 10, இரவு 10 என்று நடந்தாலும் 30 தாண்டிவிடும். சாப்பிட்ட பிறகு நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்பதால் உங்களுக்கு அது கூடுதல் லாபம்தான்.


அத்தியாயம்:

நான் கதை கேட்டுக்கொண்டே நடப்பவள். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன், அந்தக் கதையை டிரெட்மில்லில் மட்டும்தான் கேட்கலாம். சமைக்கும்போது கேட்க மாட்டேன், பேருந்தில் கேட்க மாட்டேன். எவ்வளவு பரபரப்பான இடத்தில் நின்றாலும் மறுநாள் பெல்ட்டில் ஏறினால்தான் மீதி.

இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் மில்க்மன் குழு 2014-இல் வெளியிட்டது. கீழே வைக்க மனம் வராத ஒலிநூல்களை ஒரு பிரிவினர் ஜிம்முக்கு வந்தால் மட்டுமே கேட்க முடியும்படி செய்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களைவிட இவர்கள் தொடக்கத்தில் 51 விழுக்காடு அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். ஆனால் நடுவில் விடுமுறை வந்து இடைவெளி விழுந்ததும் அது தளர்ந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. காய்ச்சலில் 8 நாள் படுத்தேன், எழுந்தபோது கதை மேல் இருந்த பசி போயிருந்தது. பழைய கதையைத் தொடராமல் புதிதாக ஒன்றை ஆரம்பித்த பிறகுதான் கால் மறுபடி பெல்ட்டில் ஏறியது. இடைவெளி விழுந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.


செண்பகம்:

அத்தியாயம், எனக்குக் கதை என்றால் உயிர். ஆனால் ஒரு காதில் கேட்டால் பாதி வரி மோட்டார் சத்தத்தில் போய்விடுமே?


அத்தியாயம்:

காதில் எதற்கு மாட்ட வேண்டும்? ஸ்பீக்கரில் போடுங்கள். ஸ்பீக்கரை அம்மாவின் அறை வாசலில் வையுங்கள். அவர்களும் கேட்கட்டுமே.


மௌனநடை:

எனக்கு இவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் மெஷினைத் திருப்பிப் போட்டேன். நாலு அடிக்கு மூச்சை இழுத்து, நாலு அடிக்கு விட்டு நடக்கிறேன். நாள் முழுக்க சத்தத்தில் வேலை பார்ப்பவனுக்கு அந்த அரை மணி அமைதிதான் பொழுதுபோக்கு. எல்லாருக்கும் ஒத்துவராது.


செண்பகம் (ஐந்து வாரம் கழித்து):

பதில் சொன்னவர்களுக்கு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆயில் விட்டதும் சத்தம் நன்றாகக் குறைந்தது. கிளிப் இல்லாமல் ஏறுவதில்லை. மெஷினைத் திருப்பிப் போட்டுவிட்டேன், நடக்கும்போது திறந்த கதவு வழியாக அம்மாவின் முகம் தெரிகிறது.

முதல் நாள் ஸ்பீக்கரில் கதை போட்டபோது அம்மா கண்ணை மூடியே இருந்தார். பிடிக்கவில்லையோ என்று பாதியில் நிறுத்தப் போனேன். “ஏன் நிறுத்துறே, அந்தப் பொண்ணு கப்பலேறிச்சா இல்லையா?” என்றார். பல நாளாக வலியையும் மருந்தையும் தவிர வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. அன்று 26 நிமிடம் நடந்திருக்கிறேன். திரையைப் பார்க்கவில்லை, அத்தியாயம் முடிந்தது, நானும் நிறுத்தினேன்.

விதியை இப்போது அம்மாதான் காக்கிறார். நான் நடந்தால்தான் கதை. போன செவ்வாய்க்கிழமை இடுப்பு வலி என்று உட்கார்ந்துவிட்டேன். “மெதுவாவாவது நட. அவ அண்ணன் வந்துட்டானான்னு தெரியணும்” என்றார். 4 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம் நடந்தேன், மீதியைச் சாயங்காலம் முடித்தேன். இரண்டு துண்டாக நடக்கலாம் என்று நாடித்துடிப்பு எழுதியது அன்று கைகொடுத்தது.

மலையேறி ஐயா, நோட்டும் போட்டிருக்கிறேன். மூன்றாம் படியில் 2.5 கி.மீ. நடந்தால் 100 மீட்டர். இன்றோடு 2,300. அம்மாவின் தலைமாட்டில்தான் நோட்டு இருக்கிறது. நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் கையால் எழுதுகிறார். எழுத்து கோணலாகத்தான் வருகிறது, ஆனால் முதல் வாரத்து 400-க்கும் நேற்றைய 2,200-க்கும் வித்தியாசம் தெரிகிறது. சர்க்கரை டெஸ்ட் இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான், எண் வந்ததும் எழுதுகிறேன்.

இப்போது ஒரே கவலை. கதையில் இன்னும் 9 அத்தியாயம்தான் பாக்கி. அதற்குள் அடுத்ததைத் தேடி வைக்க வேண்டும், இடைவெளி விழக் கூடாது. அம்மாவுக்குக் கடலும் கப்பலும் வருகிற கதைதான் வேண்டுமாம், சாவு அதிகம் இல்லாமல். ஒரு அத்தியாயம் 30 நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி, நிதானமாகப் படிக்கிற குரலில் ஏதாவது கேட்டிருந்தால் சொல்லுங்கள்.