‘ஃப்ராங்க்’ படம் பார்த்தவர்கள், அப்படி ஒரு ஃப்ராங்கை நேரில் சந்தித்தவர்கள் இங்கே எழுதுங்கள்

ராயபுரம் கீபோர்டு

நேற்று ராத்திரி ‘ஃப்ராங்க்’ படத்தை மூன்றாவது தடவை பார்த்தேன். லென்னி ஆப்ரஹாம்சன் இயக்கி 2014இல் வந்த படம். முடிவு வரைக்கும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஃப்ராங்க் ஒரு பேண்டின் பாடகர். பெரிய உருண்டைப் பொம்மைத் தலை ஒன்றை மாட்டிக்கொண்டே இருப்பார். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். பேண்டின் பெயரை அதில் வாசிக்கிறவர்களுக்கே உச்சரிக்கத் தெரியாது. அவர்களுடைய கீபோர்டுக்காரர் ஒரு நாள் கடலில் இறங்கிவிடுகிறார், கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற ஜான் என்ற பையனுக்கு அந்த இடம் கிடைக்கிறது. அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சி, எஃப், ஜி வாசிப்பாயா? வாசிப்பேன் என்கிறான். அவ்வளவுதான், சேர்த்துக்கொண்டார்கள்.

நானும் அப்படித்தான் உள்ளே போனேன். பகலில் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு, சாயங்காலம் லைட் மியூசிக். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற கோவில் எல்லாம் எங்கள் குழுதான். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன். கொருக்குப்பேட்டையில் ஒரு சாவு, கானா குழுவில் கீபோர்டு வாசிக்கிறவருக்குக் காய்ச்சல், உடனே வர முடியுமா என்று கேட்டார்கள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு தெரு. பந்தல், ஐஸ் பெட்டி, எதிரே ஜமுக்காளம். டோலக், கடம், டேப் எல்லாம் தயாராக இருந்தன. பாட வேண்டிய பெரியவரை மட்டும் காணோம். அவர் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய்க் குந்திக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். “ஆயா இன்னா வியாபாரம் பண்ணிச்சி? எத்தினி புள்ளைங்க? யாரு மேல பாசம் ஜாஸ்தி?” இறந்துபோனவர் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் தூக்கி விற்ற அம்மா. அரைமணி நேரம் கேட்டபிறகு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ஈரத்துண்டு ஒன்றைத் தலைக்கு மேல் போட்டு முகம் முழுவதும் மூடிக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார்.

அவர் எடுத்த சுருதி சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. கீபோர்டின் சுருதியை மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பட்டனை ஏற்றினேன், இறக்கினேன். அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. டியூனிங்கை மாற்றலாம் என்று திரையைத் தடவிக்கொண்டிருந்தபோது டோலக் அண்ணன் என் கையைப் பிடித்தார். “தம்பி, தேடாத. ஒரே கட்டைய அமுக்கிப் புடிச்சிக்க. அவரே வந்து ஒக்காருவாரு.” பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் வந்து உட்கார்ந்தார். விடியும்வரை அந்த அம்மாவின் கூடை, மழைநாளில் விற்காமல் போன மீன், பெரிய பெண்ணின் கல்யாணக் கடன் என்று ஒவ்வொன்றாகப் பாடினார். கேட்டு வைத்ததில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அதன்பிறகு நான் லைட் மியூசிக்கைக் குறைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைய ஆரம்பித்தேன்.

படத்தில் ஜான் செய்கிற காரியம் உங்களுக்குத் தெரியும். அயர்லாந்தில் ஏரிக்கரை வீடொன்றில் இவர்கள் ஆல்பம் பதிவு செய்கிறபோது, யாருக்கும் தெரியாமல் வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறான். அதைப் பார்த்து டெக்சாஸ் ஆஸ்டினில் நடக்கும் பெரிய இசை விழாவுக்கு அழைப்பு வருகிறது. தெரமின் என்கிற, கை படாமலே வாசிக்கும் மின்னணுக் கருவியை வாசிக்கிற கிளாரா (நடித்தவர் மேகி ஜிலென்ஹால்) ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்கிறாள். ஜான் கேட்பதில்லை. அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இவ்வளவு பெரிய திறமை நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்கிற ஆசை, அதோடு தானும் அதில் ஒரு ஓரமாக நிற்க வேண்டும் என்கிற ஆசை.

எனக்கும் அந்த இரண்டும் இருந்தன. துண்டு மூடிய முகத்தோடு அவர் பாடுவதை போனில் எடுத்துப் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. சாவு வீட்டுக்காரர்களிடமும் கேட்கவில்லை. அது ஓட ஆரம்பித்தது. ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள், நல்ல பணம். நான்தான் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

மேடையில் ஏறினார். விளக்கு முகத்தில் அடித்தது. துண்டை எடுத்தார், போடவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் ஆயிரம் பிள்ளைகள் கைதட்டிக் காத்திருக்கிறார்கள். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “யாருக்குப்பா பாடணும்?”

என்னிடம் பதில் இல்லை. மூன்று வரி பாடிவிட்டு நிறுத்திவிட்டார். எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு என்னை எதற்கும் கூப்பிடவும் இல்லை.

மேடையே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் சாதிக்கு எதிராகப் பாடுகிற தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் கேட்டது. அதைப் பாடியவர்கள் யாருக்காகப் பாடுகிறோம், ஏன் பாடுகிறோம் என்று தெரிந்தே ஏறினார்கள். பெரியவருக்கு அந்த மேடையில் அது இல்லை. நான் கொடுக்கவும் இல்லை.

படத்தின் கடைசிக் காட்சியில், பொம்மைத் தலை இல்லாத ஃப்ராங்க் ஒரு பாரில் தன் பழைய பேண்ட் வாசிப்பதைக் கேட்டுத் தானாகப் பாட ஆரம்பிப்பார். ஜான் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான், அப்புறம் சத்தமில்லாமல் கதவைத் திறந்து போய்விடுவான். மூன்று தடவையும் அந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. உங்கள் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

அயனாவரம் அக்கா

தம்பி, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். எனக்கு இந்தப் படம் வேறு காரணத்துக்காக முக்கியம்.

என் தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே புல்புல்தாரா என்கிற தந்திக் கருவி வாசிப்பான். கல்யாண வீட்டில் பெரியவர்களே நின்று கேட்பார்கள். இருபத்திரண்டு வயதில் நோய் வந்தது. யாரோ பேசுகிறார்கள் என்பான், சாப்பிட மாட்டான். 1794இலிருந்து இருக்கிற மனநல மருத்துவமனை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். ஊரில் எல்லோரும் ‘கீழ்ப்பாக்கம்’ என்று கிண்டலாகச் சொல்வார்களே, அதுதான். எங்களுக்கு அது கிண்டல் இல்லை. மாதா மாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்கும் இடம்.

அவன் வாசிப்பதைக் கேட்டவர்கள் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொல்வார்கள்: “அந்த மூளை அப்படி இருக்கறதாலதான் இப்படி வாசிக்கறான்.” எனக்கு வயிறு எரியும். படத்தில் ஜானும் இதையேதான் நம்புகிறான். கடைசியில் ஃப்ராங்கின் பெற்றோர் வீட்டுக்குப் போகிறபோது, அவர் பட்ட வேதனைதான் அந்த இசையைக் கொடுத்தது என்கிற மாதிரி பேசுகிறான். அம்மா மறுத்துவிடுகிறார். அவனுக்கு இசை சின்ன வயதிலிருந்தே இருந்தது, நோய் அதை மந்தப்படுத்தத்தான் செய்தது என்கிறார். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தி என் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

நோய் முற்றியிருந்த இரண்டு வருஷமும் தம்பி தந்தியைத் தொடவே இல்லை. மாத்திரை ஆரம்பித்தபோது விரல் நடுங்கியது. டாக்டரிடம் சொன்னோம், அளவை மாற்றினார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் வாசிக்கிறான்.

பொம்மைத்தலை, வியாசர்பாடி

நான் இசைக்காரன் இல்லை. ஐந்து வருஷம் மண்டப வாசலில் பொம்மை வேஷம் போட்டவன். கரடி, எலி, யானை எல்லாம் போட்டிருக்கிறேன். அதனால் அந்தத் தலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கும், நெற்றி வேர்வையில் ஊறிப் புளித்த வாடை அடிக்கும். பார்ப்பதற்கு வாய்ப்பக்கம் வலைத்துணி வைத்திருப்பார்கள், பிள்ளைகளின் தலை மட்டும்தான் தெரியும். நம்முடைய மூச்சு நமக்கே பெரிதாகக் கேட்கும். ஃப்ராங்காக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் அப்படி ஒரு தலைக்குள் இருந்துகொண்டு பாடுகிறார். படத்தில் அந்த பேண்ட் வாசிப்பது எல்லாம் நடிகர்களே நேரடியாக வாசித்ததுதான் என்று தெரிந்ததும் அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது.

ஃப்ராங்க் தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஜானிடம் வாயால் சொல்லுவார், இப்போது சிரிக்கிறேன் என்கிற மாதிரி. நானும் செய்திருக்கிறேன். ஒரு பாப்பா பயந்து அழுதது. “மாமா சிரிக்கிறேன்மா, உள்ள சிரிக்கிறேன்” என்றேன். அழுகையை நிறுத்தி வலைத்துணிக்குள் எட்டிப் பார்த்தது. அப்பா இறந்த மறு வாரமே வேலைக்குப் போனேன். அந்தத் தலைக்குள் இருந்த மூன்று மணி நேரம்தான் அந்த வாரத்தில் எனக்கு நிம்மதி. ஃப்ராங்க் ஏன் கழற்றவில்லை என்று என்னிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரம்பூர் ஸ்டேஷன்

ஒரு தகவல். இந்தக் கதையை பீட்டர் ஸ்ட்ராகனோடு சேர்ந்து எழுதிய ஜான் ரான்சன், நிஜமாகவே இளம் வயதில் இப்படி ஒருவருடைய குழுவில் கீபோர்டு வாசித்தவர். இங்கிலாந்தில் கிறிஸ் சீவி என்ற கலைஞர் ‘ஃப்ராங்க் சைட்பாட்டம்’ என்ற பெயரில் பொம்மைத் தலையோடு மேடை ஏறுவார். 2010இல் இறந்துவிட்டார். படத்தில் வருவது அவருடைய வாழ்க்கை இல்லை, தலையும் பெயரும்தான் அவருடையவை.

ராயபுரம் அண்ணா, அந்தப் பெரியவர் பாட்டை எங்கே கேட்கலாம்? லிங்க் இருந்தால் போடுங்கள்.

ராயபுரம் கீபோர்டு

அக்கா, தம்பியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். புல்புல்தாரா கேட்டு வருஷக்கணக்கு ஆகிறது. அவர் சரி என்று சொன்னால் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வருகிறேன்.

பெரம்பூர் தம்பி, வீடியோவை அன்றைக்கே இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். பெரியவர் இன்னும் பாடுகிறார். போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு சாவு, அவர்தான் வந்திருந்தார். நான் கீபோர்டு எடுத்துப் போகவில்லை, பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விசாரித்துக்கொண்டே வந்தவர் என்னிடமும் கேட்டார், “நீ இன்னா ஒறவு?” சொன்னேன். விடியற்காலை நாலு மணிக்கு நான் சொன்னதும் பாட்டில் வந்தது.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ராத்திரி பந்தல் போட்டிருந்தால் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். போன் பையிலேயே இருக்கட்டும்.