சட்டமன்றத்திடம் நகரம் முதலில் கேட்க வேண்டியது: அதிகாரமா, வருவாயா?

ஏட்டுச்சுவடி:
அமெரிக்க நகரங்கள் பலவும், சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன்பே, மாநில அரசிடம் வைக்கவிருக்கும் கோரிக்கைகளை நகர மன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றிவிடுகின்றன. அந்தப் பட்டியலின் தலையில் எது நிற்க வேண்டும் என்பதே என் கேள்வி. நகரத்தின் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் காப்பதுதான் என்பேன். டெக்சஸ் மாநிலத்தின் டென்டன் நகர வாக்காளர்கள், நிலத்தடிப் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எரிவாயு எடுப்பதை ஊர் எல்லைக்குள் தடை செய்ய 2014 நவம்பரில் வாக்களித்தார்கள். மறு ஆண்டு மே மாதமே, நகரங்கள் அவ்வாறு தடை விதிக்க முடியாதபடி மாநிலச் சட்டம் வந்துவிட்டது. ஜூனில் அதே நகர மன்றம் தன் மக்களின் தடையைத் தானே நீக்க வேண்டியதாயிற்று. டென்டனோ தனக்கென்று சாசனம் எழுதிக்கொண்ட தன்னாட்சி நகரம்.

ஊர்க்கணக்கு:
நண்பர் காட்டிய உதாரணமே அவருடைய வாதத்துக்கு எதிராக நிற்கிறது. சாசனம் இருந்தும் காப்பாற்றவில்லை என்றால், மேலும் ஓர் அதிகாரத்தைக் கேட்டு வாங்கி என்ன செய்வது? நகரம் மாநிலத்தின் படைப்பு. அதன் எல்லையையும் அதிகாரத்தையும் மாநிலம் விரும்பியபடி மாற்றலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1907லேயே தீர்ப்பளித்துவிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் அலிகெனி நகர மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தும் அந்நகரம் பிட்ஸ்பர்க்கோடு இணைக்கப்பட்ட வழக்கு அது. ஆகவே கேட்க வேண்டியது வருவாய். டெக்சஸ் 2019இல் இயற்றிய சட்டத்தின்படி, பெரிய நகரங்கள் ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து அன்றாடச் செலவுக்குத் திரட்டும் வரியைப் பொதுவாக ஆண்டுக்கு 3.5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். தீயணைப்பு வீரரின் ஊதியமும், சாலைக்கான தாரின் விலையும், பணியாளர் மருத்துவக் காப்பீடும் அந்த வரம்பைப் பார்த்து ஏறுவதில்லை. வரவுசெலவுத் திட்டத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு செலவினமாக அடித்துப் பார்த்தவர்களுக்கு இதன் வலி தெரியும்.

ஏட்டுச்சுவடி:
அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது பணப் பற்றாக்குறை அன்று. தன் மக்கள் மீது எவ்வளவு வரி விதிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை நகரம் இழந்த கதை. மாநிலம் பிரித்துத் தரும் பணம் நிலைக்காது என்பதற்குக் கலிபோர்னியாவே சான்று. 1978இல் அங்கே வாக்காளர்கள் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டினார்கள். மிஞ்சிய வரியைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு மாநிலத்துக்குப் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் மாநில நிதிநிலை தள்ளாடியபோது, நகரங்களுக்கும் கவுண்டிகள் எனும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் வர வேண்டிய சொத்து வரியில் ஒரு பகுதியைச் சட்டமன்றம் பள்ளிகளின் பக்கம் திருப்பிவிட்டது. 2004இல் அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு எழுதிய பிறகுதான் நகரங்கள் சற்று மூச்சுவிட்டன. மாநிலத்தின் கைக்கு எழுதப்பட்ட அந்த வரம்பைத்தான் நான் அதிகாரம் என்கிறேன்.

கரையோரம்:
இருவரும் கால அளவை மறந்து பேசுகிறீர்கள். டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 140 நாள். ஆயிரக்கணக்கான மசோதாக்கள் குவியும் அந்த நாட்களில், குழு அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் நிற்கும் நகரப் பிரதிநிதிக்கு ஓர் உறுப்பினர் ஒதுக்குவது இரண்டு நிமிடம். அதற்குள் நாற்பது அம்சங்கள் கொண்ட தாளை நீட்டினால் அவர் எதையும் நினைவில் வைக்கமாட்டார். அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் உங்கள் நகரத்து வாக்கை நம்பி வென்றவர்களும் அல்லர். என் அனுபவத்தில், தீங்கான மசோதாவைக் குழுவிலேயே நிறுத்துவதில்தான் நகரத்தின் உழைப்பில் பெரும்பகுதி செலவாகிறது. எனவே மூன்று கோரிக்கை போதும். அவற்றில் ஒன்றாவது சிற்றூர் உறுப்பினருக்கும் பயன்படும் குடிநீர்க் குழாய் நிதி போன்றதாக இருக்கட்டும்.

ஊர்க்கணக்கு:
மூன்று என்பதை ஏற்கிறேன். குழாய் நிதிக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள் என்பதும் சரி. ஆனால் 3.5 விழுக்காட்டு வரம்பைத் தளர்த்தும் கோரிக்கை முதலில் நிற்காத பட்டியலுக்கு, நான் நகர மன்றத்தில் இருந்தால் கை தூக்கமாட்டேன்.

ஏட்டுச்சுவடி:
அதை முதலில் வையுங்கள், மறுப்பில்லை. "எங்கள் வரியை எங்கள் மன்றம் தீர்மானிக்கட்டும்" என்ற வாசகத்தில் அது இருக்க வேண்டும். "எங்களுக்குப் பணம் போதவில்லை" என்று எழுதினால், அடுத்த கூட்டத்தொடரில் ஒரு மானியத்தைக் கையில் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள்.